சாருலதா எங்கே போராடுகிறாள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சத்யஜித் ரேயின் ‘சாருலதா’வை வீட்டில் இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் மனைவி, இது ஒரு பெண்ணின் விடுதலைப் போராட்டம் என்கிறார். உங்களுக்கோ, ஏவின வேலைக்கு ஆள் இருக்கிற வீட்டில் பொழுது போகாத ஒரு பெண், கொழுந்தனிடம் மனசைப் பறிகொடுத்து, அவன் போனதும் அழுது, கடைசியில் கணவனிடமே திரும்புகிற கதையாகத்தான் தெரிகிறது. அவள் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லையே, இதில் போராட்டம் எங்கே என்று கேட்கிறீர்கள். கூடவே, இது தாகூர் வீட்டில் நடந்த உண்மைச் சம்பவமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி போல இருந்தாலும் அடியில் ஒரே சந்தேகம்தான் ஓடுகிறது: காதலை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. நான் பிழைப்புக்குப் படத்தொகுப்பு செய்பவன். அது போக, ஒரு திரைப்படச் சங்கத்தில் பல வருடமாகப் படம் போட்டு, முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசும் கூட்டங்களை நடத்திவருகிறேன். ‘சாருலதா’ அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த படம். வங்காளி எனக்குப் படிக்கத் தெரியாது. தாகூரின் மூலக்கதையை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே வசனத்தின் நயம் பற்றி நான் ஏதாவது சொன்னால் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள். காமிரா எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வெட்டு விழுகிறது என்பதெல்லாம் என் தொழில், அதில் தைரியமாகப் பேசுவேன்.

அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவீந்திரநாத் தாகூர் 1901இல் எழுதிய ‘நஷ்டநீர்’ (சிதைந்த கூடு) என்ற நெடுங்கதைதான் மூலம். ரே 1964இல் படமாக்கினார். கதையில் காலம் குறிப்பிட்டுச் சொல்லப்படவில்லை. ரே அதை 1879–80 கல்கத்தாவில் வைத்தார். சாருவாக மாதபி முகர்ஜி, கணவன் பூபதியாக சைலேன் முகர்ஜி, பூபதியின் அத்தை மகன் அமலாக சௌமித்ர சட்டர்ஜி. அந்தப் பெரிய வீட்டின் உட்புறம் பன்சி சந்திரகுப்தா போட்ட அரங்கம், ஒளிப்பதிவு சுப்ரத மித்ரா, இசை ரேயே. 1965 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தாலும் அப்படியே எடுப்பேன் என்று ரே சொன்ன ஒரே படம் இதுதான்.

சரி, போராட்டம் எங்கே என்பதற்கு வருவோம். படத்தின் ஆரம்பத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஏழெட்டு நிமிடம் வசனம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. பெயர்கள் ஓடும்போதே ஒரு ஜோடிக் கை, கைக்குட்டையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறது. பூபதியின் முதலெழுத்து. அப்புறம் மணி அடிக்கிறது. வேலைக்காரனைக் கூப்பிட்டு ஐயாவுக்கு டீ கொண்டுபோகச் சொல்கிறாள். அவ்வளவுதான், அவளுடைய அன்றைய வேலை முடிந்தது. புத்தக அலமாரிக்குப் போகிறாள், நாவலாசிரியர் பங்கிம் சந்திரரின் பெயரை ராகம் போட்டு முணுமுணுத்துக்கொண்டே ஒரு புத்தகத்தை உருவுகிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம். உடனே ஓடிப்போய் கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரை எடுத்து வருகிறாள். நாடகக் கொட்டகையில் பெரிய மனிதர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது. ஜன்னலின் பலகை அடுக்கை விரலால் தூக்கி, அந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். குரங்காட்டி ஒரு ஜன்னலைக் கடந்ததும் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள். பல்லக்கு போகிறது. குடை பிடித்த குண்டு மனிதர் ஒருவர் போகிறார். அவளும் ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள்.

கணவன் உள்ளே வருவது இதற்குப் பிறகு. கையில் புத்தகம், கண்ணும் அதிலேயே. அவள் நிற்பதைக் கவனிக்காமலே கடந்து போகிறான். இவள் அதே பைனாகுலரைக் கண்ணில் வைத்து, தாழ்வாரத்தில் விலகிப் போகும் கணவனைப் பார்க்கிறாள். தெருவில் போன குண்டு மனிதரைப் பார்த்தது மாதிரியே. பிறகு கை தானாகக் கீழே இறங்க, காமிரா சட்டென்று பின்னால் விலகி அவளை அந்தக் கூடத்தின் நடுவில் தனியாக விட்டுவிடுகிறது. படத்தொகுப்பாளனாக எனக்கு இந்த இடம் மேல் தீராத பொறாமை. அத்தனை நேரம் அவள் பார்வையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு நகர்வில் அவளை வெளியிலிருந்து பார்க்கிறோம், அடைபட்டிருப்பது அவள்தான் என்று தெரிகிறது.

நீங்கள் சொன்ன ‘பொழுது போகாத பணக்காரப் பெண்’ இவள்தான். அந்த வர்ணனையில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏன் பொழுது போகவில்லை என்று பாருங்கள். பூபதி கெட்டவன் இல்லை. அடிப்பதில்லை, குடிப்பதில்லை, வேறு பெண் கிடையாது. பணத்தை எல்லாம் போட்டு ‘சென்டினல்’ என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறான். காலையிலிருந்து ராத்திரி வரை உரிமை, வரி, அரசாங்கம் என்று விடுதலையைப் பற்றித்தான் பேச்சு. 1880இல் இங்கிலாந்துத் தேர்தலில் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி ஜெயித்ததற்கு வீட்டில் விருந்து வைக்கிறான். அந்தத் தேர்தலில் பூபதிக்கு ஓட்டு இல்லை. இங்கிலாந்துப் பெண்களுக்கும் இல்லை. இவ்வளவு விடுதலை பேசும் அச்சுக்கூடம் அதே வீட்டின் வெளிக்கட்டில் இருக்கிறது; உள்கட்டில் இருப்பவளுக்கு அங்கே வேலை கிடையாது. மனைவிக்குத் தனிமையாக இருக்குமோ என்று ஒருநாள் உறைத்ததும் அவன் என்ன செய்கிறான்? மைத்துனன் உமாபதாவை வரவழைத்துப் பத்திரிகையின் கணக்கு வழக்கை ஒப்படைக்கிறான். அவன் மனைவி மந்தாவைச் சாருவுக்குப் பேச்சுத் துணைக்கு வைக்கிறான். படிக்கத் தெரிந்த, கூர்மையான மனைவியைப் பத்திரிகைப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

அமல் விவகாரமும் அப்படித்தான். சாருவுக்கு எழுத வரும் என்று பூபதிக்கே ஒரு சந்தேகம். அதனால் விடுமுறைக்கு வந்த அமலைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்குத் தெரியாமல் அவளை எழுத வை என்று சொல்லி வைக்கிறான். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் பாருங்கள், அவளுடைய எழுத்து ஆசைகூட இரண்டு ஆண்கள் பேசி முடித்த ஏற்பாடாகத்தான் அவளிடம் வந்து சேர்கிறது. இந்தப் படத்தின் காதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இது கண்ணில் படாது.

தோட்டத்துக் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊஞ்சல், பாட்டு, பாய் விரித்துக் குப்புறப் படுத்து எழுதும் அமல். சாரு தானே தயாரித்த நோட்டுப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து ஒரு நிபந்தனை போடுகிறாள்: இதில் எழுதுவது அச்சுக்குப் போகக் கூடாது. அமல் கொஞ்ச நாளிலேயே வாக்கை மீறிவிடுகிறான், அவன் கட்டுரை பத்திரிகையில் வந்துவிடுகிறது. சாருவுக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் அவள் பேனாவை எடுக்கிறாள். முதலில் குயிலின் குரல் என்று ஏதோ அமல் பாணியில் அலங்காரமாக ஆரம்பித்து, கசக்கிப் போடுகிறாள். பிறகு உட்கார்ந்து யோசிக்கிறாள். அவள் முகத்தின் மேலேயே காட்சிகள் படிய ஆரம்பிக்கின்றன: ஆறு, படகுகள், ஊர்த் திருவிழா, வாணவேடிக்கை. பிறந்த ஊரைப் பற்றி எழுதுகிறாள். அது அமலின் கட்டுரை வந்ததைவிடப் பெரிய பத்திரிகை ஒன்றில் அச்சாகிறது.

இங்கே ரே மூலக்கதையை மாற்றியிருக்கிறார், உங்கள் கேள்விக்கு இந்த மாற்றம் முக்கியம். தாகூர் கதையில் சாருவின் எழுத்தை அச்சுக்குக் கொண்டுபோவது அமல். படத்தில் அவளே எழுதி, யாரிடமும் சொல்லாமல் அனுப்புகிறாள். ஓர் ஆணின் தயவால் நடந்தது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஆக்கிவிட்டார் ரே. என்னைக் கேட்டால் படத்தின் போராட்டம் முழுவதும் அந்தத் தனியறையில், கசக்கிய முதல் தாளுக்கும் எழுதிய இரண்டாம் தாளுக்கும் நடுவில் நடந்துமுடிந்துவிடுகிறது. அமலின் பாணியை விட்டுவிட்டுத் தன் ஊர், தன் நினைவு என்று இறங்கியதுதான் அவள் செய்த ஒரே கலகம்.

அடுத்து வருவதையும் மறக்காதீர்கள். பத்திரிகை கைக்கு வந்ததும் நேராக அமலிடம் போகிறாள், அதாலேயே அவன் தலையில் தட்டுகிறாள். ஜெயித்த சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அவன் மேல் சாய்ந்து, சட்டையைப் பற்றிக்கொண்டு, இனிமேல் எழுதமாட்டேன் என்று அழுகிறாள். எங்கள் சங்கத்துக் கூட்டங்களில் இந்தக் காட்சிக்குத்தான் சண்டை வரும். ஆண்கள் பெரும்பாலும் "அப்போதான் அவ காதல் வெளிப்படுது" என்பார்கள். பெண்களில் பலர் "இவ்வளவு நல்லா எழுதிட்டு ஏன் இனிமே எழுதமாட்டேங்கிறா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் இரண்டாவது கேள்வியின் பக்கம். அவளுக்கு வேண்டியிருந்தது ஊர் பாராட்டு இல்லை, ஒரே ஒரு வாசகன். அச்சில் வந்தும் அவளுக்குத் தனிமை போகவில்லை. கணவனுக்கு இந்தச் செய்தி எப்படித் தெரிகிறது என்று கவனித்தீர்களா? லிபரல் வெற்றி விருந்தில் ஒரு நண்பர் பத்திரிகையைக் காட்டும்போது. தன் மனைவி எழுத்தாளராகிவிட்டாள் என்பதை விருந்தாளி சொல்லித் தெரிந்துகொள்கிறான் பத்திரிகை முதலாளி.

‘எழுதுவது என்ன பெரிய போராட்டம்’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்து வங்காளத்தைக் கொஞ்சம் பார்த்தால் புரியும். பெண் படித்தால் புருஷன் செத்துப்போவான் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருந்தது. ராஸசுந்தரி தேவி என்று ஒருவர். 12 வயதில் கல்யாணம், பெரிய குடும்பம், நாள் முழுக்க அடுப்படி. படிக்க ஆசைப்பட்டு, வீட்டிலிருந்த சைதன்ய பாகவதம் என்ற பக்தி நூலிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் தானே படிக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘ஆமார் ஜீபன்’ வங்காள மொழியின் முதல் தன்வரலாறு என்று கருதப்படுகிறது. சாருவுக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவர். சாருவின் காலத்துக்கு வரும்போது கல்கத்தா மேல்தட்டு வீடுகளில் பெண் படிப்பது பெருமையாகிவிட்டது. பெண்களுக்காக 1849இல் ஆரம்பித்த பெதூன் பள்ளிக்கூடம் இருக்கிறது. காதம்பினி போஸும் சந்திரமுகி போஸும் 1883இல் பி.ஏ. பட்டமே வாங்கிவிடுகிறார்கள். படிக்கலாம், சரி. எழுதலாமா? எழுதினால் தன் பெயரில் அச்சுக்குக் கொடுக்கலாமா? அது யார் அனுமதி? சண்டை அந்த இடத்துக்கு நகர்ந்திருந்த காலம் அது. சாரு நிற்பது அங்கேதான்.

வாசற்படி தாண்டாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிதாண்டாப் பத்தினியாக அவளைக் காட்ட வேண்டும் என்று ரே நினைக்கவில்லை; போவதற்கு அவளுக்கு இடமே இல்லை. இந்துத் திருமணத்துக்கு விவாகரத்து என்ற வழி 1955 சட்டம் வரும்வரை பொதுவாகக் கிடையாது. விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே காலத்து பம்பாய் வழக்கு ஒன்று சாட்சி. ருக்மாபாய்க்குச் சிறுமியாக இருந்தபோதே கல்யாணம். வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மறுத்தார். கணவன் 1884இல் வழக்குப் போட்டான். முதலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் மாறியது. 1887இல் நீதிமன்றம் சொன்னது: கணவனிடம் போ, இல்லாவிட்டால் 6 மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். 1888இல் பணம் கொடுத்துத்தான் விஷயம் சமரசமானது. பிறகு அவர் லண்டன் போய் மருத்துவரானது வேறு கதை. அவருக்குப் பின்னால் ஆதரவான குடும்பமும் பத்திரிகைகளும் நின்றன. சாருவுக்குப் பின்னால் நிற்க ஓர் அண்ணன், அந்த உமாபதா மட்டும். அவனும் பூபதியின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனவன். ஆகவே ‘ஏன் கிளம்பிப் போகவில்லை’ என்று இன்றைய கண்ணோடு அவளைக் கேட்பது நியாயமில்லை.

இனி தாகூர் வீட்டுக் கதை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: ரவீந்திரநாத்தின் அண்ணன் ஜோதிரீந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி. 1868இல் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 9. ரவீந்திரநாத் அவரைவிட இரண்டு வயது சின்னவர், கிட்டத்தட்ட விளையாட்டுத் தோழர். அவருடைய ஆரம்பகாலக் கவிதைகளுக்கு முதல் வாசகி, முதல் விமர்சகி. 1883 டிசம்பரில் ரவீந்திரநாத்துக்குக் கல்யாணம் நடந்தது. 1884 ஏப்ரலில் காதம்பரி தற்கொலை செய்துகொண்டார். அந்த இழப்பு ரவீந்திரநாத்தைக் கடைசிவரை விடவில்லை. பல புத்தகங்களை அவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். ‘நஷ்டநீர்’ கையெழுத்துப் பிரதியின் ஓரங்களில் காதம்பரியின் செல்லப்பெயர் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்ததாக ரேயும் சொல்லியிருக்கிறார். கதை எழுதும்போது அவர் நினைவு இருந்தது என்று நம்ப இது போதும்.

சந்தேகத்துக்கு உரியது இதற்கு மேல் கட்டப்படுகிற மாடியெல்லாம். தற்கொலைக்கு இன்ன காரணம் என்று அடித்துச் சொல்பவர்களிடம் ஆதாரம் கிடையாது. இணையத்தில் சுற்றும் ‘கடைசிக் கடிதம்’ போன்றவை கற்பனை எழுத்து. கதாபாத்திரங்களும் அப்படியே பொருந்துவதில்லை. பூபதிக்கு இலக்கிய வாசனை கிடையாது. ஜோதிரீந்திரநாத்தோ நாடகாசிரியர், இசைக்காரர், ஓவியம் வரைபவர். வீட்டிலேயே 1877இல் தொடங்கிய ‘பாரதி’ மாத இதழுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். மனைவியைக் குதிரையில் ஏற்றி வெளியே சவாரிக்கு அழைத்துப் போனவர் என்று அந்த வீட்டு நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இவரைப் பூபதி என்பது அபாண்டம். தையல் விஷயத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது: காதம்பரி தனக்குப் பிடித்த கவிஞர் பிஹாரிலால் சக்கரவர்த்திக்குத் தன் கையால் ஓர் ஆசனம் செய்து கொடுத்தார், அதையே தலைப்பாக வைத்து அந்தக் கவிஞர் பிற்பாடு கவிதை எழுதினார். கைக்குட்டை தைக்கும் சாருவைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். ரே அதை நினைத்துத்தான் வைத்தார் என்று சொல்லமாட்டேன். படத்தை ‘ரகசியச் சரித்திரம்’ என்று பார்த்தால் சாரு எழுதும் அந்தக் காட்சி நமக்குக் கிசுகிசுவின் நடுவில் வந்த இடைவேளை மாதிரி ஆகிவிடும். அதற்காகவே அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடச் சொல்கிறேன்.

காலத் துல்லியத்தைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. வீடு, உடை, சுவரில் ஒட்டிய காகிதம் என்று ரே அவ்வளவு பார்த்துச் செய்திருக்கிறார், ஆனால் பாட்டு விஷயத்தில் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறார். ஊஞ்சலில் சாரு பாடும் பாட்டு தாகூரின் 1882 இசை நாடகத்தில் வருவது, மெட்டு ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலுடையது. அமலுக்காகக் கிஷோர் குமார் பாடிய பாட்டோ 1890களில் எழுதப்பட்டது. 1880 வீட்டில் அது ஒலிக்க வாய்ப்பே இல்லை. இதற்காகப் படத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தியதே இல்லை.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் ‘கணவனிடமே திரும்புகிறாள்’ என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. உமாபதா மோசடி செய்த பிறகு பத்திரிகை நின்றுபோகிறது. அமலும் இரவோடிரவாகக் கிளம்பிவிடுகிறான். பூபதியும் சாருவும் கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே சாரு ஒரு யோசனை சொல்கிறாள்: புதிதாகப் பத்திரிகை ஆரம்பிப்போம், ஆங்கிலத்தில் அரசியல் உன் பொறுப்பு, வங்காளிப் பகுதி என் பொறுப்பு. படம் முழுவதிலும் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்பது இதை மட்டும்தான். பூபதிக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். இது வெறும் கனவும் இல்லை. தாகூரின் அக்கா ஸ்வர்ணகுமாரி தேவி 1884இல் ‘பாரதி’யின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று வருடக்கணக்கில் நடத்தினார். ‘நஷ்டநீர்’ 1901இல் தொடராக வந்ததும் அதே ‘பாரதி’யில்தான், அப்போது ஆசிரியராக இருந்தது அவருடைய மகள் சரளா தேவி. ஒரு பெண் பத்திரிகாசிரியர் கையால்தான் சாருவின் கதையே வெளிவந்தது.

வீடு திரும்பியதும் அமலின் கடிதம் வந்திருக்கிறது. தனியாக இருக்கிறோம் என்று நினைத்து சாரு கதறி அழுகிறாள், பூபதி பார்த்துவிடுகிறான். மூலக்கதையில் அவன் தெரிந்துகொள்வது ஒரு தந்தி வழியாக. ரே அதை நேருக்கு நேர் ஆக்கியிருக்கிறார். பிறகு அந்த முடிவு: அவள் கை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான், கைகள் தொடுவதற்கு முன் படம் நின்றுவிடுகிறது. அடுத்தடுத்து அசையாப் படங்கள், விளக்கோடு நிற்கும் வேலைக்காரன், திரையில் மூலக்கதையின் பெயர். சேர்ந்துவிட்டார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சேரவே மாட்டார்கள் என்று வாதிடுபவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. படம் இரண்டையும் சொல்லவில்லை, அதற்குத்தான் நிறுத்தியிருக்கிறார். தாகூர் வேறு மாதிரி முடித்தார். பூபதி வேலை கிடைத்து மைசூருக்குக் கிளம்புகிறான், என்னையும் கூட்டிப்போ என்று சாரு கேட்கிறாள், முடியாது என்கிறான், உடனே மனசு மாறி வா என்கிறான், இப்போது அவள் வேண்டாம் என்கிறாள். மூலக்கதைச் சாரு கடைசியில் மறுத்துவிடுகிறாள். ரேயின் சாரு கையை நீட்டுகிறாள். உங்களுக்குக் கதையின் முடிவுதான் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் படத்தின் முடிவு பிடிக்கும். அந்தப் பத்திரிகை யோசனை இன்னும் பாக்கி இருக்கிறது என்பதால்.

உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தின் விடுதலை யாருக்கு என்று கேட்டால், படித்த, வசதியான, மேல்சாதிப் பெண்ணுக்கு மட்டும்தான். அந்தக் காலத்து வங்காளத்தில் ‘புதுப் பெண், பழைய பெண்’ என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. பங்கிம் சந்திரரே அதைக் கேலியாக எழுதியிருக்கிறார். மந்தா அந்தப் பழைய பெண். படிப்பு கிடையாது, சீட்டாடுவாள், வெற்றிலை மடித்துக் கொடுப்பாள், சாரு வாயைத் திறந்தாலே அவளை மட்டம் தட்டுவாள். ராஸசுந்தரிக்கு வாய்த்ததுபோல மந்தாவுக்கு ஏன் ஓர் ஏடு கிடைக்கவில்லை என்று படம் கேட்பதில்லை. புருஷன் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும்போது அவளும் மூட்டையோடு போகிறாள். அவளைக் கேட்டா திருடினான்? அவளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ரேயின் படங்களிலேயே, வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி முந்தைய வருடம் வந்த ‘மஹாநகர்’ இந்த விஷயத்தில் இன்னும் விசாலமானது. அதிலும் மாதபி முகர்ஜிதான். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்தான் வேண்டும் என்றால் தாகூரே 1914இல் எழுதிவிட்டார். ‘ஸ்திரீர் பத்ர’ என்ற சிறுகதை, ‘மனைவியின் கடிதம்’. மிருணாள் என்ற பெண் பதினைந்து வருடக் குடித்தனத்துக்குப் பிறகு பூரி கடற்கரையிலிருந்து கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள்: இனி உங்கள் வீட்டுக்குத் திரும்பமாட்டேன். அவளும் யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதி வந்தவள். சாரு கடற்கரைக்குப் போய் ஒரு பத்திரிகை யோசனையோடு திரும்புகிறாள். இவள் திரும்பவே இல்லை. சின்னக் கதைதான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். இருவரும் படித்துவிட்டு, அப்புறம் ‘சாருலதா’வை மறுபடி போடுங்கள். இந்தத் தடவை அமல் வருகிற இடங்களை அவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. மந்தா சாருவோடு சீட்டாடும் இடத்தைப் பாருங்கள், கசக்கி எறிந்த அந்த முதல் தாளைப் பாருங்கள். பார்த்துவிட்டும் உங்கள் கட்சியிலேயே நின்றால் எழுதுங்கள். மந்தாவை வைத்து நீங்கள் வாதாடினால், பதில் சொல்ல நான் கொஞ்சம் திணறித்தான் ஆக வேண்டும்.